புதிதாகப் பூட்டிய சூரிய மின்னமைப்பிற் குறை கண்டறியும் முறை

வீட்டுக் கூரையிற் சூரிய மின்தகடுகளையும் வீட்டினுள்ளே பற்றறியையும் பூட்டிக்கொள்ளும் கமக்காரர் தொகை அண்மைக் காலத்திற் பெருகி வருகின்றது. 2022 ஆம் ஆண்டில் நாள்தோறும் பல மணித்தியாலம் மின்வெட்டு நிகழ்ந்ததையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி தீவு முழுவதும் ஒரே வேளையில் மின்சாரம் நின்றதையும் கண்டவர்கள் இம்முயற்சியில் இறங்குவது இயல்பே. ஆயினும் இதற்கு ஆகும் செலவு சிறிதன்று. பலர் கடன்பட்டே இதனைச் செய்கின்றனர். செலவிட்ட பணத்துக்கேற்ற பலன் கிடைக்கின்றதா என்பதைப் பூட்டிய முதற் சில மாதங்களிலேயே ஆராய்ந்து அறிந்துகொள்ளல் வேண்டும்.

புதிய அமைப்பொன்றில் தோன்றும் குறைகளுட் பெரும்பாலானவை உறுப்புகளின் பழுதினால் வருவனவல்ல. தவறான ஒழுங்கு, தளர்ந்த இணைப்பு, நிழல், அளவுக்கு மிஞ்சிய பாவனை என்பவற்றாலேயே அவை வருகின்றன. காலத்தோடு கண்டால் இவை சிறு செலவில் தீரும். கவனியாது விட்டால், விலை கூடிய பற்றறி கெட்டுப்போவதோடு, குறை யாருடையது என்ற வழக்கும் மூளும். நோயின் குறிகளை அறியாமற் பயிருக்கு மருந்து தெளிப்பவர் பணத்தையும் இழப்பார், பயிரையும் இழப்பார். இங்கும் முறை அதுவேயாகும்: முதலிற் குறியைக் காண்க, பின்னர் காரணத்தைத் தேடுக, இறுதியிலேயே பரிகாரம் செய்க.

1. அமைப்பின் உறுப்புகள்

சூரிய மின்தகடுகள் வெயிலை நேரோட்ட மின்சாரமாக மாற்றுகின்றன. இன்வேட்டர் எனப்படும் கருவி அந்த நேரோட்டத்தை வீட்டுப் பாவனைக்கேற்ற 230 வோல்ற்று ஆடலோட்டமாக மாற்றுகின்றது. பற்றறி பகலில் மிஞ்சும் மின்சாரத்தைச் சேமித்து இரவில் உதவுகின்றது. இவற்றுக்கிடையே ஆளிகள், உருகிகள், பிறேக்கர்கள், மின்னலிலிருந்து காக்கும் சிறு கருவிகள், புவித்தொடுப்புக் கம்பி என்பன உள்ளன. மின்பட்டியலில் 1 அலகு என்பது 1 கிலோவாற்று வலுவை 1 மணித்தியாலம் பாவிப்பதாகும். கீழ்வரும் கணக்குகள் யாவும் இவ்வலகிலேயே தரப்படுகின்றன.

2. கை வைக்கக்கூடாத இடங்கள்

குறை தேடும் ஆவலில் உயிரை இழத்தல் ஆகாது. ஆதலின் இப்பகுதியை வீட்டிலுள்ள யாவரும் வாசித்து அறிதல் வேண்டும்.

(அ) வெயில் படும்வரை மின்தகடுகளில் மின்சாரம் உண்டு. பிரதான ஆளியை நிறுத்தினாலும் கூரையிலிருந்து ஆளிவரை வரும் கம்பிகள் உயிருள்ளவையே. பல தகடுகளைத் தொடராக இணைத்த இடத்தில் நூற்றுக்கணக்கான வோல்ற்று இருக்கும்.

(ஆ) தகடுகளை இணைக்கும் செருகிகளை, அமைப்பு இயங்கும் வேளையிற் பிடுங்குதல் கூடாது. நேரோட்ட மின்சாரத்திலே தோன்றும் தீப்பொறி எளிதில் அணையாது. அது கையைச் சுடும், கூரையையும் எரிக்கும்.

(இ) பற்றறியின் முனைகளிரண்டும் இரும்புச் சாவியால் தொடுக்கப்பட்டால் அந்தச் சாவியே உருகும். 48 வோல்ற்றுப் பற்றறியிலிருந்து 3 கிலோவாற்று எடுக்கும்போது 60 அம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் பாய்கின்றது. பற்றறியின் இணைப்புகளை இறுக்குவதும் கழற்றுவதும் பயின்ற மின்னிணைப்பாளரின் வேலையாகும்.

(ஈ) நனைந்த கூரையில் ஏறுதல், வெடித்த தகட்டைத் தொடுதல், எரிந்த நாற்றம் வரும் கருவியை மீண்டும் இயக்குதல் என்பன அறவே கூடா.

கமக்காரர் தாமே செய்யத்தக்கவை நான்கு: கண்ணாற் பார்த்தல், இன்வேட்டர்த் திரையை வாசித்தல், எழுதி வைத்தல், பூட்டியவர் காட்டித்தந்த ஒழுங்குப்படி ஆளிகளை நிறுத்தி இயக்குதல். குறைகளுட் பெரும்பகுதியைக் கண்டறிய இந்நான்குமே போதும்.

3. குறிப்புப் புத்தகம்

கறவை மாட்டின் பாலை நாள்தோறும் அளந்து எழுதுபவருக்கு, மாடு நோயுறுமுன்னரே அதன் குறி தெரியவரும். சூரிய மின்னமைப்புக்கும் அத்தகைய புத்தகமொன்று வேண்டும். ஒரு பாடசாலைக் கொப்பி போதுமானது. நாள்தோறும் பின்வரும் ஐந்தையும் எழுதுக.

(1) அன்று தகடுகள் தந்த அலகுகள். (2) காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பற்றறியின் நிறைவு வீதம். (3) மின்மானியின் எண். (4) அன்றைய வானிலை: வெயில், முகில், மழை. (5) திரையில் எச்சரிக்கை இலக்கம் தோன்றினால் அந்த இலக்கமும் நேரமும்.

எச்சரிக்கை இலக்கத்தை அழிக்குமுன் எழுதுக. அது நோயாளியின் நாடி போன்றது. கருவியை நிறுத்தி மீண்டும் இயக்கினாற் குறை மறைந்துபோகலாம். ஆனாற் காரணம் மறையாது. ஒரு மாதக் குறிப்பு கையிலிருந்தால், பூட்டிய நிறுவனத்தாரோடு வெறும் வாய்ப்பேச்சின்றி எண்களைக் கொண்டே பேசலாம்.

4. குறி: வெளி மின்சாரம் நின்றதும் வீடும் இருளுகின்றது

இதுவே பலருக்கும் முதல் ஏமாற்றமாகும். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, அமைப்பின் வகை. பற்றறியின்றி மின்வழியோடு மாத்திரம் இணைந்த இன்வேட்டர், வெளி மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். இது பழுதன்று; காவல். வீதியில் மின்கம்பத்திலேறித் திருத்தம் செய்வோர்மீது நம் வீட்டு மின்சாரம் பாயாதிருத்தற் பொருட்டே இவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. எனவே 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நடந்ததுபோன்ற மின்தடையில், நல்ல வெயிலெறித்தாலும் இவ்வகை வீடுகளுக்கு மின்சாரம் இராது.

இரண்டாவது, பற்றறி இருந்தும் வீட்டின் எல்லாச் சுற்றுகளும் காப்பு வழியில் இணைக்கப்படாமை. பெரும்பாலான இன்வேட்டர்களில் வெளி மின்சாரம் நின்றபின்னும் இயங்குவதற்கெனத் தனி வாயிலொன்று உண்டு. அதில் இணைத்த விளக்குகளும் கருவிகளும் மாத்திரமே இயங்கும். எவை அவ்வழியில் உள்ளன என்பதைப் பூட்டியவரிடம் எழுத்திற் பெறுக.

மூன்றாவது, பற்றறியின் கீழெல்லை மிக உயர்வாக ஒழுங்கு செய்யப்பட்டிருத்தலோ, காப்பு வழியின் ஆளி நிறுத்தப்பட்டிருத்தலோ ஆகும்.

இதனைச் சோதிக்கும் முறை எளிது. பற்றறி நிறைந்துள்ள ஒரு பகல் வேளையில், வெளி மின்சாரம் வரும் பிரதான ஆளியை நிறுத்துக. எந்த விளக்கு எரிகின்றது, எந்தச் செருகுவாய் இயங்குகின்றது என அறை அறையாகப் பார்த்து எழுதுக. அரை மணித்தியாலம் அவ்வாறே விட்டபின் ஆளியை மீண்டும் இடுக. இன்வேட்டர் மின்வழியோடு சேரச் சில நிமிடங்கள் செல்லும், அதுவும் இயல்பே.

குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருப்போர் இச்சோதனையை முட்டை வைக்குமுன்னரே செய்தல் மிக அவசியம். கோழி முட்டை பொரிக்க 21 நாட்கள் செல்லும். பதினெட்டாம் நாள் இரவு பெட்டி குளிர்ந்தால், அதுவரை உருவான குஞ்சுகளை இழக்க நேரிடும். கோழிகளுக்கான தடுப்பு மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். அம்மருந்து 2 பாகை முதல் 8 பாகை செல்சியசு வரையான குளிரில் இருத்தல் வேண்டும்.

5. குறி: தகடுகள் தரும் மின்சாரம் குறைவாயிருக்கின்றது

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்க. தகட்டின்மேல் எழுதப்பட்ட வலு, ஆய்வுகூடத்தில் 25 பாகை வெப்பநிலையில் அளக்கப்பட்டதாகும். நமது கூரையில் நண்பகலில் தகடு 60 பாகைக்கு மேலும் சூடேறும். ஒவ்வொரு பாகை ஏற்றத்துக்கும் வலு ஏறக்குறைய நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை குறையும். ஆகவே 3 கிலோவாற்றுத் தகடுகள் நல்ல வெயிலிலும் 2.4 அல்லது 2.5 கிலோவாற்றே தந்தால் அது குறையன்று. நமது நாட்டின் வெயிலில் 1 கிலோவாற்றுத் தகடு நாளொன்றுக்குச் சராசரி 4 அலகளவிலே தரும் எனக் கொள்ளலாம். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், முகில் மூடிய நாளில், அதில் மூன்றிலொரு பங்குகூடக் கிடையாதிருக்கலாம்.

இவ்வளவுக்கும் மேலாகக் குறைவிருந்தால் நிழலைத் தேடுக. தகட்டின் கலங்கள் தொடராக இணைந்தவை. வாய்க்காலில் ஓரிடம் அடைபட்டால் கீழுள்ள வயல் முழுவதும் நீரின்றி நிற்பதுபோல, ஒரு மூலையில் விழும் தென்னோலை நிழல் தகட்டின் பெரும்பகுதியை முடக்கும். காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி ஆகிய மூன்று வேளையும் முற்றத்தில் நின்று கூரையைப் பார்க்க.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆனி மாத நண்பகலிற் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். மார்கழியிலோ உச்சியிலிருந்து ஏறக்குறைய 33 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். ஆகவே வீட்டின் தென்புறத்துப் பனையும் வேம்பும் ஆனியிற் கூரைமேல் நிழல் வீழ்த்தாவிடினும் மார்கழியில் வீழ்த்தும். சிறுபோகத்தில் நன்றாயிருந்த அமைப்பு பெரும்போகத்திற் சோர்ந்தால் முகிலை மாத்திரம் குறை கூறாது, தென்புறத்து மரங்களையும் பார்க்க. மரத்தைத் தறிக்கவேண்டியதில்லை. கிளையைக் கழித்தலோ, தகட்டின் இடத்தை மாற்றுவித்தலோ போதும்.

அடுத்தது அழுக்கு. செம்மண் தூசி, சூடடிக்கும் காலத்துப் பதர், பறவை எச்சம் ஆகியன ஒளியை மறைக்கும். அதிகாலையில் தகடு குளிர்ந்திருக்கும்போது நிலத்தில் நின்றவாறே மென்மையாக நீர் தெளித்துக் கழுவுக. நண்பகலிற் சூடேறிய கண்ணாடிமீது குளிர்நீர் வார்த்தால் அது வெடிக்கக்கூடும். உவர்நீர் காய்ந்தபின் வெண்படலம் விடும், மழைநீரே சிறந்தது.

நிழலும் அழுக்கும் இல்லையாயின், தகட்டு வரிசைகளுள் ஒன்று இணைபடாதிருக்கலாம். இன்வேட்டர்த் திரையில் ஒவ்வொரு வரிசையின் வோல்ற்றும் தனித்தனியே காட்டப்படுமாயின் அவற்றை ஒப்பிட்டு எழுதுக. ஒன்று சூனியமாகவோ மிகக் குறைவாகவோ இருந்தால் பூட்டியவரை அழைக்க.

6. குறி: விடியுமுன்னரே பற்றறி தீர்ந்துவிடுகின்றது

பற்றறியைக் குறை கூறுமுன் கணக்குப் பார்க்க. உதாரணமாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே 51.2 வோல்ற்று, 100 அம்பியர்-மணி கொண்ட இலிதியம் பற்றறி உள்ளது. இரண்டையும் பெருக்க 5,120 வாற்று மணி, அதாவது 5.12 அலகு வரும். கீழெல்லை நூற்றுக்கு 20 என ஒழுங்கு செய்திருந்தால் எடுக்கத்தக்கது 4.1 அலகு. இன்வேட்டரில் ஏற்படும் இழப்பு நூற்றுக்கு 8 எனக் கொண்டால், வீட்டுக்கு வந்துசேர்வது ஏறக்குறைய 3.8 அலகேயாகும்.

மாலை 6 முதற் காலை 6 வரை அவ்வீட்டின் பாவனை:

குளிர்ப்பெட்டி, சராசரி 60 வாற்று, 12 மணித்தியாலம்: 0.72 அலகு
மின்விசிறி 3, ஒவ்வொன்றும் 60 வாற்று, 9 மணித்தியாலம்: 1.62 அலகு
விளக்கு 6, ஒவ்வொன்றும் 10 வாற்று, 4 மணித்தியாலம்: 0.24 அலகு
தொலைக்காட்சி, 80 வாற்று, 3 மணித்தியாலம்: 0.24 அலகு
குஞ்சு பொரிக்கும் பெட்டி, சராசரி 50 வாற்று, 12 மணித்தியாலம்: 0.60 அலகு
இன்வேட்டர் தன் இயக்கத்துக்கு எடுப்பது, 50 வாற்று, 12 மணித்தியாலம்: 0.60 அலகு
சோறு சமைக்கும் மின்பானை, 700 வாற்று, அரை மணித்தியாலம்: 0.35 அலகு
அதிகாலையில் நீர்ப்பம்பி, 1,100 வாற்று, 1 மணித்தியாலம்: 1.10 அலகு

மொத்தம் 5.47 அலகு. இருப்போ 3.8 அலகு. இங்கே பற்றறியில் யாதொரு குறையுமில்லை. நீரிறைப்பதையும் சோறு சமைப்பதையும் காலை 9 மணிக்குப் பின் வெயில் வேளைக்கு மாற்றினால் 4.02 அலகாகக் குறையும். ஒரு மின்விசிறியை நிறுத்தினால் 3.48 ஆகும். அப்பொழுது பற்றறி விடியும்வரை தாங்கும். புதிய பற்றறியொன்று வாங்கும் செலவு இக்கணக்கினால் மிஞ்சும். ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் கருவிகளைக் கொண்டு இவ்வாறே கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். கணக்கின்படி தாங்கவேண்டிய பற்றறி தாங்காவிடின், அப்பொழுதே அதனைக் குறையெனக் கொள்க.

7. குறி: பற்றறி நிறைவதில்லை, அல்லது இல்லையென்றே திரை காட்டுகின்றது

புதிய அமைப்புகளில் இதற்கு முதன்மையான காரணம், இன்வேட்டரிற் பற்றறியின் வகை தவறாக ஒழுங்கு செய்யப்பட்டிருத்தலாகும். ஈயப் பற்றறிக்கும் இலிதியம் பற்றறிக்கும் மின்னேற்றும் முறை வேறு. ஈயப் பற்றறிக்குரிய உயர்ந்த வோல்ற்றை இலிதியம் பற்றறிக்குக் கொடுத்தால், அதனுள்ளே இருக்கும் காவற் கருவி தன்னைக் காக்கத் தொடர்பைத் துண்டித்துவிடும். அவ்வேளையில் இன்வேட்டர் ‘பற்றறி இல்லை’ எனக் காட்டும். பற்றறியின் மேலுள்ள வகையையும் வோல்ற்றையும் எழுதி, இன்வேட்டர் ஒழுங்கில் உள்ளவற்றோடு ஒப்பிடுமாறு பூட்டியவரைக் கேட்க.

இரண்டாவது, பற்றறியும் இன்வேட்டரும் செய்தி பரிமாறும் மெல்லிய கம்பி கழன்றிருத்தலோ, வேறு வாயிலிற் செருகப்பட்டிருத்தலோ ஆகும்.

மூன்றாவது, நிறைவு வீதம் பிழையாகக் காட்டப்படுதல். இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றறியின் வோல்ற்று, நிறைவின் பெரும்பகுதியில் அதிகம் மாறாது. ஆதலால் உட்புகும் மின்சாரத்தையும் வெளியேறும் மின்சாரத்தையும் எண்ணியே வீதம் காட்டப்படுகின்றது. பலநாள் முழுதாக நிறையாவிடின் இவ்வெண்ணிக்கை பிழைக்கும். நூற்றுக்கு 40 எனக் காட்டிய பற்றறி திடீரென நின்றால், ஓரிரு முறை முழுதாக மின்னேற்றிப் பார்த்தபின்னரே அது பழுதா எனத் தீர்மானிக்க.

நான்காவது, முதலுரிமை ஒழுங்கு. வெளி மின்சாரத்தை முதலிற் பாவிக்கும்படி ஒழுங்கு செய்திருந்தால் பற்றறி நிறைந்தபடியே சும்மா இருக்கும், மின்பட்டியலும் குறையாது. இரவில் வெளி மின்சாரத்தால் பற்றறியை நிறைக்கும்படி ஒழுங்கு செய்திருந்தால், காலையில் வெயில் வரும்போது சேமிக்க இடமிராது. கருவியின் மணிக்கூடு பிழையாயிருந்தாலும் இக்குழப்பம் நேரும். ஆகவே திரையிற் காணும் நேரத்தை முதலிற் பார்க்க.

ஐந்தாவது, மின்மானிக்கருகே கம்பியைக் கவ்வி நிற்கும் அளவை வளையம் மறுபுறமாகப் பூட்டப்பட்டிருத்தல். இதை அறிய, வெயிலடங்கியபின், பற்றறி வேலை செய்யாத வேளையிற் கேத்தல் அடுப்பை இயக்கித் திரையைப் பார்க்க. மின்சாரம் வெளியிலிருந்து உள்ளே வருவதாகக் காட்டவேண்டும். வெளியே செல்வதாகக் காட்டினால் வளையம் திரும்பியுள்ளது. இரவிற் சூரியன் மின்சாரம் விற்பதில்லை.

8. குறி: நண்பகலில் இன்வேட்டர் அடிக்கடி நின்றுவிடுகின்றது

மின்வழியின் கடைக்கோடியிலுள்ள வீடுகளில் இது கூடுதலாகக் காணப்படும். அயலிற் பல கூரைகள் ஒரே வேளையில் மின்சாரத்தை மின்வழிக்கு அனுப்பும்போது அங்கே வோல்ற்று உயர்கின்றது. 230 ஆக இருக்கவேண்டியது எல்லையைக் கடந்தால் இன்வேட்டர் தானாக நிற்கும். காலை 10 மணி தொடக்கம் பிற்பகல் 3 மணி வரை, அரை மணித்தியாலத்துக்கொருமுறை வோல்ற்றைக் குறித்து, அக்குறிப்போடு மின்வழங்கும் நிறுவனத்தின் பிரதேச அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவிக்க. மின்மாற்றியிற் செய்யத்தக்க மாற்றம் அவர்களுடைய கடமை. வீட்டிலிருந்து மின்மானிக்குச் செல்லும் கம்பி மெலிந்ததாயின் அதைத் தடித்த கம்பியாக மாற்றுதல் நமது கடமை. இன்வேட்டரின் எல்லையை அனுமதியின்றி உயர்த்திவைத்தல் பரிகாரமன்று. அதனால் வீட்டிலுள்ள ஏனைய கருவிகள் கெடும்.

சூடும் இன்னொரு காரணமாகும். மேற்கு வெயில் படும் சுவரிலும் தகரக் கொட்டிலிலும் பூட்டிய இன்வேட்டர் தன்னைக் காக்க வேலையைக் குறைக்கும். காற்று செல்லும் வாயில்களில் நெற்பதரும் ஒட்டடையும் அடையாதிருத்தல் வேண்டும். உள்ளே புகும் எறும்பும் பல்லியும் கருவியைக் கெடுப்பதுண்டு. உரம், கிருமிநாசினி என்பன வைக்கும் அறையில் இன்வேட்டரையும் பற்றறியையும் வைத்தல் கூடாது.

9. குறி: மழை பெய்த மறுநாட் காலையில் எச்சரிக்கை, வெயிலேறியபின் மறைவு

இக்குறியை அற்பமெனக் கொள்ளற்க. கூரைமேற் கம்பியொன்றின் உறை கிழிந்து, ஈரத்தினூடாக மின்சாரம் கசிகின்றது என்பதே இதன் பொருள். அணிலும் எலியும் தகடுகளின் கீழ்க் கூடுகட்டிக் கம்பியைக் கடிப்பது வழக்கம். சரிவரப் பூட்டாத செருகியினுள்ளும் நீர் புகும். வெயிலில் ஈரம் காய்ந்ததும் எச்சரிக்கை மறைவதால் பலர் இதனை மறந்துவிடுகின்றனர். அடுத்த மழையில் தகரக் கூரையோ தகட்டின் சட்டமோ தொட்டவரைத் தாக்கக்கூடும். அன்றே பூட்டியவரை அழைத்து, கம்பிகளின் காவலை உரிய கருவியால் அளந்து பார்க்கச் செய்க. புவித்தொடுப்பையும் அவ்வேளையிலேயே அளக்கச் சொல்க. கோடையில் நிலம் வறண்டால் புவித்தொடுப்பின் வலிமை குறைவதுண்டு.

இடிமின்னல் மிகும் சித்திரை, ஐப்பசி மாதங்களின் பின் மின்னற் காப்புக் கருவியின் சிறு சாளரத்தைப் பார்க்க. பல கருவிகளில் அது பச்சையாயிருந்தால் நன்று. சிவந்திருந்தால் அது தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது, மாற்றவேண்டும் என்பது பொருள்.

10. குறி: நீர்ப்பம்பியை இயக்கியதும் யாவும் நிற்கின்றன

1 குதிரைவலுப் பம்பி ஓடும்போது ஏறக்குறைய 1,000 முதல் 1,100 வாற்று எடுக்கும். ஆனாற் புறப்படும் கணத்தில் அதைப்போல நான்கு, ஐந்து மடங்கு மின்னோட்டம் எடுக்கும். 3 கிலோவாற்று இன்வேட்டர் அதனைத் தாங்காது நின்றுவிடலாம். குளிர்ப்பெட்டி போன்றவற்றை நிறுத்திவிட்டுப் பம்பியைத் தனியே இயக்கிப் பார்க்க. அப்பொழுதும் நின்றால் பம்பியைக் காப்பு வழியிலிருந்து நீக்கி, வெளி மின்சார வழியில் இணைப்பிக்க. அல்லது மெல்லப் புறப்படச் செய்யும் கருவியொன்றைப் பூட்டுவிக்க. பம்பியின் மின்கொள்ளளவி பழுதடைந்தாலும் புறப்படும் சுமை நீடிக்கும், அதனையும் சோதிப்பிக்க.

11. றிப் சுவிச்சுப் பற்றிய எச்சரிக்கை

மின்கசிவு ஏற்படும்போது உயிரைக் காப்பது றிப் சுவிச்சேயாகும். சூரிய அமைப்புப் பூட்டியபின் அது காரணமின்றி விழுந்தால், காப்பு வழியின் நொதுமற் கம்பியும் மற்றைய வழியின் நொதுமற் கம்பியும் ஒன்றோடொன்று கலந்திருக்கலாம். சுவிச்சை நீக்கிவிட்டுப் பாவித்தல் தற்கொலைக்கு ஒப்பாகும்.

இதனினும் மறைவான குறை ஒன்றுண்டு. வெளி மின்சாரம் நின்று, பற்றறியில் வீடு இயங்கும்போது, இன்வேட்டரின் நொதுமற் கம்பி புவித்தொடுப்போடு முறைப்படி சேராவிடின், கசியும் மின்சாரம் திரும்பிச் செல்ல வழியின்றி றிப் சுவிச்சு விழாதிருக்கும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழும். ஏனெனில் அப்பொத்தானின் சுற்று சுவிச்சினுள்ளேயே முடிகின்றது. ஆகவே பொத்தானை மாத்திரம் நம்பியிராது, வீடு பற்றறியில் இயங்கும் நிலையிலும் றிப் சுவிச்சு வேலை செய்கின்றதா என மின்னிணைப்பாளர் கருவிகொண்டு சோதித்து எழுதித் தரல் வேண்டும். ஈரக் கையோடு கிணற்றடியிலும் மாட்டுக் கொட்டிலிலும் ஆளி தொடும் கமக்காரர் குடும்பத்துக்கு இச்சோதனை மற்றெல்லாவற்றிலும் முக்கியமானது.

12. ஈயப் பற்றறி வைத்திருப்போருக்கு

நீரூற்றும் ஈயப் பற்றறியை மாதமொருமுறை பார்த்து, நீர் குறைந்தால் வடித்த நீர் மாத்திரம் ஊற்றுக. கிணற்று நீரும் அமிலமும் ஊற்றுதல் ஆகாது. 12 வோல்ற்றுப் பற்றறி ஓய்வாயிருக்கும்போது 12.6 அல்லது 12.7 காட்டினால் நிறைந்துள்ளது, 12.2 அளவில் பாதி, 12.0 க்குக் கீழே போதல் கேடு. பாதிக்குக் கீழ் அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் விரைவிற் குறையும். மின்னேறும்போது ஐதரசன் வாயு எழும். எனவே காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, அருகே விளக்கும் சுருட்டும் கொண்டுசெல்லாது காக்க. சூடு மிகுந்த அறையில் இப்பற்றறியின் ஆயுள் பெரிதும் சுருங்கும்.

13. பூட்டியவரிடம் பெறவேண்டியவை

இறுதிக் கொடுப்பனவுக்கு முன்னர் இவற்றைப் பெற்றுக்கொள்க: கம்பிகளின் வரைபடம், காப்பு வழியிலுள்ள கருவிகளின் பட்டியல், ஒழுங்கு செய்த எண்கள் யாவும் எழுதிய தாள், புவித்தொடுப்பும் காவலும் அளந்த பெறுமானங்கள், தகடு, இன்வேட்டர், பற்றறி ஒவ்வொன்றின் தொடரிலக்கமும் உத்தரவாதப் பத்திரமும், அமைப்பை நிறுத்தி இயக்கும் ஒழுங்கு. கடைசியாகச் சொன்னதைப் பெரிய எழுத்தில் எழுதி இன்வேட்டருக்கு அருகே ஒட்டுக. வீட்டுத் தலைவர் வயலில் நிற்கும்போது தீயோ புகையோ கண்டால் வீட்டிலுள்ளோர் செய்யவேண்டியது அவர்களுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

முறைப்பாடு செய்யும்போது ‘வேலை செய்யவில்லை’ என்று மாத்திரம் கூறாது, எந்த நாள், எந்த நேரம், வானிலை எவ்வாறு, திரையில் எந்த இலக்கம், பற்றறியின் வீதம் எவ்வளவு, அவ்வேளை எந்தக் கருவிகள் இயங்கின என ஆறு விடயங்களையும் எழுதி அனுப்புக. அனுப்பியதன் பிரதியை வைத்துக்கொள்க. உத்தரவாதக் காலத்துள் எழுதிய கடிதம் பின்னர் பயன்தரும்.

சுருக்கம்

நாள்தோறும் எழுதுக. நிழலையும் அழுக்கையும் முதலிற் பார்க்க. பாவனையைக் கணக்கிட்ட பின்னரே பற்றறியைக் குறை கூறுக. பெரிய சுமைகளை வெயில் வேளைக்கு மாற்றுக. மின்தடையைப் பகலிற் சோதித்து அறிக. மழைக்குப்பின் தோன்றும் எச்சரிக்கையைப் புறக்கணியாதீர். கூரையிலும் பற்றறி முனையிலும் கைவைக்காது தகுதியுள்ளவரை அழைக்க. பூட்டிய முதல் மூன்று மாதங்களில் இவ்வாறு கவனிப்போர் தமது அமைப்பின் இயல்பை நன்கு அறிந்துகொள்வர். பின்னர் தோன்றும் குறை எதுவாயினும் அது சிறிதாயிருக்கும்போதே அவர்களுக்குப் புலப்படும்.